நேர்ச்சைக் கால்

ஏழு மாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு ஸ்டெபி வேம்பாரை விட்டுத் தூத்துக்குடிக்குக் குடிவந்ததே, ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கட்டும் என்றுதான். கடற்கரைச் சாலையில் பழைய ஓட்டு வீடு. புருஷன் ஜாய்சன் கப்பலில் இருந்தான். சாவி கொடுத்த வீட்டுக்காரர் வளன், கூடத்துச் சுவரில் புகை படிந்து கறுத்துப்போன படத்தைக் காட்டினார்.

"எங்க அப்பா, இஞ்ஞாசி. சங்கு குளிக்கப் போன இடத்துல காலு ரெண்டும் விளங்காமப் போச்சு. பதினோரு வருஷம் இங்கனதான் கெடந்தாரு. படத்த மட்டும் கழட்டாதீங்கம்மா."

கழற்றிவிட்டு அவள் என்ன செய்யப்போகிறாள்? அவள் பாடே பெரும்பாடு. ராத்திரி படுத்தால் போதும், முழங்காலுக்குக் கீழே தோலுக்குள் எறும்பு ஊரும். ஆட்டினால் அடங்கும், நிறுத்தினால் மறுபடி ஊரும். "இரும்புச்சத்து குறைவு. மாசமா இருக்கப்போ சிலருக்கு இப்படி வரும், பிரசவத்தோட போயிரும்" என்று டாக்டரம்மா மாத்திரை எழுதினார். அதுவரைக்கும் எப்படித் தூங்குவதாம்? விடிய விடியக் கூடத்தில் நடந்தாள்.

துணைக்கு வந்த நாத்தனார் விஜிலாவுக்கு மனசு கேட்கவில்லை. மாதா கோயில் வாசலில் வெள்ளித் தகட்டுக் கால் ஒரு ஜோடி வாங்கி வந்தாள்.

"ஒங்களுக்காக நேர்ந்திருக்கேன் மதினி. காலையில கோயில்ல போட்டுருவோம். இப்ப அந்தோனியார் படத்தடியில வச்சிருக்கேன்."

கால் உளைச்சலில் ஸ்டெபி அதை அரைக்காதோடு கேட்டுக்கொண்டாள்.

அன்று எறும்பு ஊரவில்லை. அப்பாடா என்று கண்ணை மூடினாள்.

கூடத்தில் யாரோ நடக்கிற சத்தம் அவளை எழுப்பியது. ஈரக்கால் தரையில் ஒட்டி ஒட்டி எடுபடுகிற சத்தம். கடற்பாசி நாற்றம் வேறு.

"விஜிலா?"

"இங்கனதான் படுத்திருக்கேன்" என்று பக்கத்துப் பாயிலிருந்து கிசுகிசுத்தாள் அவள். "யாரு மதினி நடக்கா?"

ஸ்டெபி எழப் பார்த்தாள்.

கால் வரவில்லை.

கிள்ளினாள். யாருடைய காலோ போலக் கிடந்தது.

"ஏளா, எந்த அந்தோனியார் படத்தடியில வச்ச?"

"கூடத்துல... அந்தக் கறுத்த படம்..."

"அடிப் பாவி! அது அந்தோனியார் இல்ல, வீட்டு ஓனரோட செத்துப்போன அப்பா!"

விஜிலா சிலுவை போட்டுக்கொண்டு விறைத்துவிட்டாள். ஸ்டெபிக்குப் பயம் இல்லாமல் இல்லை, ஆனால் கோபம் முந்திக்கொண்டது. உட்கார்ந்தபடியே கையை ஊன்றிக் கூடத்துக்கு நகர்ந்தாள். அந்தக் காலடிகள் இருட்டில் அவளைச் சுற்றிச் சுற்றி, ஆசை ஆசையாக நடந்தன.

"வே இஞ்ஞாசி! பதினோரு வருஷம் கெடந்தீரு, பாவந்தான். அதுக்கு வாயும் வயிறுமா இருக்கவ காலுதான் கெடச்சுதா? எறும்பு ஊருனாலும் அது என் காலு. எம்பிள்ளையத் தூக்கிட்டு நான் நடக்கணும். தாரும் இங்க!"

சத்தம் நின்றது.

முகத்துக்கு நேரே உப்புக் குளிர்.

அவள் படத்தடியில் கிடந்த ஸ்டூலைத் தடவித் தகடு இரண்டையும் பறித்தாள். கெண்டைக்காலில் ஓர் எறும்பு ஊர்ந்தது. பிறகு ஆயிரம்.

"ஊரு! நல்லா ஊரு!" அழுகையும் சிரிப்புமாகச் சுவரைப் பிடித்து எழுந்தாள்.

விஜிலா ஓடிவந்து கூடத்து லைட்டைப் போட்டாள். "விடிஞ்சதும் காலி பண்ணிருவோம் மதினி."

"நான் எதுக்குப் போகணும்? பிரசவம் வரைக்கும் இங்கனதான்."

விஜிலா ஸ்டெபியின் வயிற்றையே பார்த்தாள்.

நைட்டியின் மேல், ஐந்து விரலும் தெரிய, ஈரமாக ஓர் ஆம்பளைக் கை பதிந்திருந்தது.

"தொட்டுப் பாரும்" என்றாள் ஸ்டெபி. "எம்பிள்ளைட்ட உம்ம ஜம்பம் பலிக்குதான்னு பாப்போம்."

உள்ளேயிருந்து பிள்ளை ஓங்கி ஓர் உதை விட்டது.

அந்த ஈரக் கைத்தடம் இருந்த இடத்தில், யாரோ கை வைத்தது போல் துணி மெல்ல உள்ளே அழுந்தியது.