உப்புக்குள் நாலு மாடுகள்

மொபெட்டை அணைத்த பிறகும் அந்த இழுப்புச் சத்தம் நிற்கவில்லை.

சகாதேவன் கையிலிருந்த சாவியைப் பார்த்தான். வண்டி அணைந்துதான் இருந்தது. மாசி மாதத்து மதியம். மரக்காணம் உப்பளம் கண்ணைக் கூசவைத்தபடி வெறிச்சென்று கிடக்க, அந்த வெள்ளை வெளிச்சத்தின் ஓரத்தில் நின்ற கொளஞ்சியம்மாளின் மாட்டுக் கொட்டகையிலிருந்து, சளி அடைத்த நெஞ்சு காற்றுக்குத் தவிப்பதைப் போல, கர்... கர்... என்று அது வந்துகொண்டே இருந்தது.

"வாங்க டாக்டரே," என்றாள் கொளஞ்சியம்மாள்.

அவன் டாக்டர் இல்லை. ஊர் ஊராகப் போய் மாட்டுக்கு ஊசி போடுகிறவன். அது இப்போது அவளுக்கும் தெரியும்.

"மாடு மூச்சு வாங்குதுன்னு சொல்லி அனுப்புனியே, எந்த மாடும்மா? உன்னோடது நாலும்தான் பூடுச்சே?"

"உள்ள போய்ப் பாருங்க. திரும்பிப் போனீங்கன்னா நேரா பஞ்சாயத்துக்குத்தான் போவேன்."

அவள் பஞ்சாயத்துக்குப் போனால் இவன் பிழைப்பு நாறிவிடும். குனிந்து நுழைந்தான்.

2005 பெருமழை ஓய்ந்த கையோடு அவளுடைய நாலு மாட்டுக்கும் நுரையீரல் காய்ச்சல் கண்டது. ஒவ்வொன்றுக்கும் ஐந்து நாள் ஊசி போட வேண்டும். இவன் ஒரு மாட்டுக்கான ஒரு நாள் மருந்தை நாலுக்கும் பிரித்துப் போட்டான். மறுநாள் அவை எழுந்து வைக்கோல் கடித்தன. 'சரியாயிடுச்சும்மா' என்று மிச்சப் புட்டிகளோடு கீழ்புத்துப்பட்டுக்குக் கிளம்பிவிட்டான். பத்தாம் நாள் நோய் திரும்பியபோது, மெய்யான டாக்டர் வந்து முழு மருந்து ஏற்றியும் கேட்கவில்லை. "அரைகுறை மருந்துல கிருமி சாவாதும்மா, பழகிக்கும்," என்றாராம். புதைக்கத் தோண்டிய குழிகளில் தண்ணீர் ஊறவே, கொட்டகையிலேயே கழிவு உப்பைக் கொட்டி மூடச் சொன்னதும் சகாதேவன்தான்.

முன்னால் நாலு உப்புக் குவியல்கள். அழுகல் நாற்றமே இல்லை. காய்ச்சல் கண்ட மாட்டின் மூக்கிலிருந்து வரும் சூடான, புளித்த வாடை மட்டும், இப்போதுதான் விட்ட மூச்சு போல அவன் முகத்தில் பட்டது.

சத்தம் உப்புக்குள்ளிருந்து வந்தது.

பின்னால் படல் சாத்திக்கொண்டது. கயிறு இறுகியது.

"ஏம்மா! என்னா விளையாட்டு இது? தொற!"

"ஒரு ஊசிய நாலா பங்கு போட்டீங்களே," வெளியிலிருந்து குரல் நிதானமாக வந்தது. "இப்ப உங்க மூச்ச அதுங்க பங்கு போட்டுக்கட்டும்."

கத்துவதற்கு மூச்சை இழுத்தான். கால் பங்குதான் வந்தது.

மறுபடி இழுத்தான். அதிலும் கால் பங்கு.

நெஞ்சுக்குள் சளி கொதித்தது. மருந்துப் பையைக் கொட்டினான். புட்டி. ஊசி. தன் தொடையிலேயே குத்தினான். ஒரு சொட்டு மிச்சமில்லாமல் ஏற்றினான். முதல்முறையாக, முழு மருந்து.

கேட்கவில்லை.

முழங்கால் மடங்கியது. கன்னம் உப்பில் பதிந்தது. வாய் திறந்தது. காற்று வரவில்லை.

நாலு குவியல்களும் மெல்ல உயர்ந்தன. தாழ்ந்தன. உயர்ந்தன. இப்போது கரகரப்பே இல்லை. கன்று ஈன்ற மாடுகள் போல, சுகமாக, நிறைய, அவை மூச்சு விட்டன.

அசையாத நெஞ்சோடு, கண்ணை மூடவும் முடியாமல், சகாதேவன் பார்த்துக்கொண்டே கிடந்தான்.