வீணாகாத ஓட்டு

செவ்வாய்க் கோளின் நான்காம் குடியிருப்புக் கூண்டில் வாக்குச்சாவடி இல்லை, வரிசை இல்லை, விரலில் மை இல்லை. பல் துலக்கியபடியே ஒரு பெயரை மனத்துக்குள் உறுதியாகச் சொன்னால் போதும். செவிக்குப் பின்னால் பதித்த வாக்குமணி ஒருமுறை ஒலிக்கும், ஓட்டு விழுந்துவிடும்.

அப்படி விழுந்த ஆயிரத்து இருநூற்று ஐந்து ஓட்டுகளில், ஒரே ஓட்டில் தோற்றாள் பொற்கலை. தோற்றது கூண்டுத் தலைவர் பதவி மட்டுமா? கூண்டின் ஒரே விண்கலத்தைப் பூமிக்குத் திருப்புவேன் என்றவள் அவள். அதை உடைத்து இன்னொரு கூண்டு கட்டுவேன் என்றவர், வென்ற தணிகாசலம். பூமியில், ஆறு வயதில் தங்கையிடம் விட்டுவந்த மகள் இளவெயினிக்கு இப்போது பத்தொன்பது. அவள் பேச்சு வந்துசேரவே இருபது நிமிடம் ஆகும். பதின்மூன்று ஆண்டுகளாக அந்தத் தாய் மகளின் குரலைக் கேட்டிருக்கிறாள், ஒருநாளும் உரையாடியதில்லை.

தோற்றவருக்குக் கூண்டுச் சட்டம் இரண்டு படிகளை வைத்திருந்தது. வித்தியாசம் நூற்றுக்கு ஒன்றுக்குள் என்றால், கேட்டவுடன் மறு எண்ணிக்கை. கேட்டாள், எண்ணினார்கள், அதே ஒன்று. அடுத்தது வழக்கு. நாற்பத்தைந்து நாளுக்குள் தொடுக்கவேண்டும். வெறும் ஐயம் செல்லாது, இன்ன பிழை என்று சுட்டவேண்டும். தன் கூட்டங்களில் கண்ணீர் விட்டவர்கள் ஆயிரம் பேர் என்றும், மனம் சொன்னதை மணி மாற்றிப் பதிந்தது என்றும் சுட்டினாள். முதல் சாட்சியாகக் கணவன் மாசிலாமணியை அழைத்தாள். தனக்குச் சபைக் கூச்சம் என்று அவன் நழுவினான்.

தீர்ப்பு இயந்திரம், பெயர்களை மறைத்து, எல்லா மணிகளின் நினைவுத்தடங்களையும் திறந்தது.

"மணிகளில் பிழை இல்லை. பூமிக்குத் திரும்ப ஏங்குவோர் ஆயிரத்து நூற்றுத் தொண்ணூறு பேர். அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர், ஓட்டளிக்குமுன் ஒன்றையே நினைத்தனர்: இவள் எங்கே ஜெயிக்கப்போகிறாள், ஓட்டை ஏன் வீணாக்குவது? சட்டம் எண்ணுவது ஓட்டை, ஏக்கத்தை அன்று. மனு தள்ளுபடி."

குடியேற வந்த நாளில் எட்டுக் கிலோவுக்குமேல் எவரும் கொண்டுவர அனுமதி இல்லை. ஜெயிப்பவருக்கே ஓட்டுப் போடும் இந்தப் பழக்கத்துக்கு எடை இல்லாததால், அதை எவரும் நிறுத்துப் பார்க்கவில்லை!

வீட்டில் மாசிலாமணி சன்னலோரம் நின்றிருந்தான். வெளியே, கலத்தின் வால்பகுதியை அறுத்துக்கொண்டிருந்தார்கள்.

"கலை, பட்டறையில அத்தனை பேரும் நீ தோத்துருவேன்னாங்க. என் ஒரு ஓட்டால என்ன ஆகப்போவுதுன்னு..."

அவள் அறுபடும் கலத்தின் பக்கம் கை நீட்டினாள். பிறகு, "பாப்பாகிட்ட நீங்களே சொல்லிருங்க" என்றாள்.

அப்போது திரை ஒளிர்ந்தது. இளவெயினி, புதுச் சட்டையில், தெருவில் வேகமாக நடந்துகொண்டிருந்தாள்.

"அம்மா, இன்னைக்கு எனக்கு முதல் ஓட்டு. சாவடி மூட பத்து நிமிஷந்தான் இருக்கு. எனக்குப் பிடிச்சவங்க தோத்துருவாங்களாம். அதான் வீணாக்காம மாத்திப் போடலாம்னு போறேன். நீங்க ரெண்டு பேரும் எப்ப கிளம்புறீங்க?"

"மாத்திப் போடாதடி" என்று ஒலிவாங்கியை நோக்கிப் பாய்ந்தாள் பொற்கலை.

பூமியில் சாவடி மூடிப் பத்து நிமிடம் ஆகியிருந்தது.