இடுப்பு அனுப்பிய செய்தி

நிலாக்குடியில் காலை விளக்கு எரிந்ததும் திருமாறனுக்கு அம்மாவின் இடுப்பிலிருந்து செய்தி வந்துவிடும். ஒரே சொல்தான்: ‘நலம்.’ அதைப் பார்த்துவிட்டுத்தான் அவன் சுரங்க வேலைக்குக் கிளம்புவான்.

அம்மா செங்கமலத்தின் இடுப்பில் இருந்தது பசையில்லாச் செயற்கை மூட்டு. சிமெண்ட் வைத்து ஒட்டியதல்ல. உலோகத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும். எலும்பு தானாக வளர்ந்து அவற்றுக்குள் புகுந்து பிடித்துக்கொள்ளும். நூறு வருட உத்தரவாதம். மூட்டு தன்னைத் தானே சோதித்து மகனுக்குச் சொல்லும்.

மகன் தங்கமானவன். அம்மாவை நிலாவுக்கு அழைத்து வந்த அன்றே ‘எடுபிடி’ என்றொரு இயந்திரம் வாங்கி வைத்தான். அவள் குடத்தைத் தொட்டால் அது வாங்கிக்கொள்ளும். எழுந்தால் நாற்காலியோடு தூக்கிப் போகும்.

“நீ சும்மா உக்காரும்மா. கீழ பூமில பட்டதெல்லாம் போதும்” என்பான்.

செங்கமலத்துக்கு ஒரே ஆசைதான் மிச்சமிருந்தது. மணப்பாறையில் தங்கை சரோசா படுத்த படுக்கையாய்க் கிடந்தாள். அவள் கையை ஒருமுறை பிடித்துவிட வேண்டும். ஆனால் பூமிக்குப் போகும் கப்பலில் சொந்தக் காலில் நடந்து ஏறுபவர்களுக்கே இடம். நடைச் சோதனையில் இரண்டடி வைத்தவள் தொடையைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டாள்.

“மூட்டு போயிடுச்சா டாக்டர்? காலைலகூட நலம்னு வந்துச்சே” என்றான் திருமாறன்.

டாக்டர் ஷகிலா படத்தைக் காட்டினார். “மூட்டுக்கு என்ன, உங்க பேரன் காலம் வரைக்கும் இருக்கும். அது தன்னைப் பத்தி மட்டுந்தானே சொல்லும்? சுத்தியிருக்கிற எலும்பைப் பாருங்க.”

நைந்த துணிபோல் இருந்தது எலும்பு.

“பாரத்தை எல்லாம் உலோகமே தாங்கிட்டா, நமக்கு இங்க வேலை இல்லைன்னு எலும்பு கரைஞ்சுடும். நிலாவுல உடம்போட கனமும் கம்மி. வீட்ல என்ன வேலை செய்றீங்கம்மா?”

“புள்ள ஒண்ணும் செய்ய விடமாட்டான். அவ்வளவு பாசம்.” பெருமையாகத்தான் சொன்னாள்.

டாக்டர் உடம்புக்குக் கனம் கூட்டும் ஓர் எடைப்பட்டையை எடுத்துக் கொடுத்தார். “இதைக் கட்டிக்கிட்டு கொஞ்சம் கொஞ்சமா உங்க வேலையை நீங்களே செய்யுங்க. வலிக்கும். அடுத்த கப்பலுக்குப் பார்க்கலாம்.”

வீட்டுக்கு வந்ததும் திருமாறன் எடுபிடியின் விசையை அணைத்து மூலையில் நிறுத்தினான். செங்கமலம் பட்டையைக் கட்டிக்கொண்டாள். சுவரைப் பிடித்து எழுந்து குடத்தைத் தூக்கினாள். நாலடி போயிருப்பாள். குடம் சாய்ந்து தண்ணீர் மெல்ல எழும்பி, நிலாவின் வழக்கப்படி இன்னும் மெல்ல விழுந்தது. அவள் கண்ணில் நீர் கட்டியதைப் பார்க்க அவனுக்குப் பொறுக்கவில்லை. நீங்களோ நானோ இருந்தாலும் பொறுத்திருக்க மாட்டோம். ஓடிப்போய்க் குடத்தை வாங்கினான்.

“விடும்மா. நான் இருக்கேன்ல? நீ உக்காரு.”

“இல்லப்பா, சரோசா...”

“நாளைக்குப் பார்த்துக்கலாம்.”

பட்டையையும் அவனே அவிழ்த்தான். அந்த நாளை வரவே இல்லை. எடுபிடி மறுபடி குடம் தூக்கியது. கப்பல் வந்தது, போனது.

பிறகு ஒரு காலையில் திருமாறனுக்கு இரண்டு செய்திகள் வந்தன. ஒன்று மணப்பாறையிலிருந்து; சரோசா போய்விட்டாள். மற்றது ‘நலம்.’

அதைப் பார்த்துவிட்டுத்தான் அம்மாவிடம் போனான்.

“அம்மா, கொஞ்சம் உக்காரேன்” என்றான்.

அவள் உட்கார்ந்துதான் இருந்தாள்.