நாலு டிகிரியில் ஒரு கையெழுத்து

ஒரு குழந்தையின் உயிரைவிட மேலானது இந்த உலகத்தில் எதுவுமே இல்லை!

காலையில் மேடையில் இப்படி முழங்கிய குழந்தைகள் நல ஆராய்ச்சி நிலைய இயக்குநர், மதியம் ஒன்றேகாலுக்கு ஒரு டாக்டரைத் தடுப்பூசிக் குளிர் அறைக்குள் தள்ளிக் கதவைப் பூட்டினார்.

தடார்!

உள்ளே விழுந்தவள் அதே நிலையத்தின் தொற்றுநோயியல் ஆராய்ச்சியாளர். எங்கே போனாலும் எடைக்கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு போவதால் ஆபீஸ் வைத்த பெயர்... தராசு.

எழுந்து கதவை இடித்தாள். அரை அடித் தடிமன். உள்ளிருந்து திறக்கும் கைப்பிடி உடைந்து இரண்டு வருடம். ரிப்பேர் ஆகிவிட்டதாக ஃபைல் சொன்னது.

செல்போன்? சிக்னல் பூஜ்யம்.

அப்போது...

ட்ர்ர்ரிங்!

சுவரில் இன்டர்காம்! பாய்ந்து எடுத்தாள்.

"என்னம்மா தராசு... உள்ள சில்லுனு இருக்கா?"

இயக்குநர்!

"சார்! கதவைத் திறங்க!"

"திறக்கறேன். உன் கால்கிட்ட அறிக்கை கிடக்கு பாரு. கடைசிப் பக்கத்துல ஒரே ஒரு கையெழுத்து. அவ்ளோதான்."

"அறிக்கைல இருநூத்திப் பதினாலு குழந்தைங்க. எல்லாருக்கும் சொல்லி வச்ச மாதிரி ஒண்ணேகால் கிலோ கூடியிருக்கு. அதெப்படி சார்?"

"நம்ம சத்துமாவு அப்படி!"

"நூத்தியேழாம் நம்பர் குழந்தை ரெண்டு மாசம் முன்னாடியே செத்துப்போச்சு. அதுக்கும் ஒண்ணேகால் கிலோ!"

மறுமுனையில் இருமல்.

"டைப் பண்ணவன் தப்பு..."

"நானே வீடு வீடாப் போய் எடை போட்டேன் சார். பாதிப் பிள்ளைங்களுக்கு எடை குறைஞ்சிருக்கு! எல்லாரும் தேறிட்டாங்கன்னு நான் கையெழுத்து போட்டா, திங்கட்கிழமையே அதுங்களுக்கு இலவசமாப் பால் குடுக்கற மையத்தை மூடிடுவாங்க. அதுங்க எதைச் சாப்பிடும்?"

"நீ போடலேன்னா இந்தச் சத்துமாவுக்காக எனக்கு வரவேண்டிய விருது போயிடும். அதைப் பத்தி யாராவது கவலைப்படறீங்களா?"

அவள் ரிசீவரையே முறைத்தாள்.

"மூணு மணிக்கு அறிக்கையைப் பார்க்கக் கமிட்டி வருது. அதுக்குள்ள கையெழுத்து வரணும். இல்லேன்னா... இன்னிக்கு சனிக்கிழமை. இந்தக் கதவு திறக்கறது திங்கட்கிழமை காலையில. நாலு டிகிரிம்மா! அந்த மெல்லிசு சட்டை தாங்குமா?"

டொக்!

மூலையில் சுருண்டு உட்கார்ந்தாள். முழங்காலைக் கட்டிக்கொண்டாள். நடுக்கத்துக்காகக் காத்திருந்தாள்.

பத்து நிமிடம்... இருபது நிமிடம்...

நடுக்கம் வரவில்லை.

வியர்த்தது!

திடுக்கிட்டு நிமிர்ந்தாள். மோட்டார் சத்தமே இல்லை. ஐஸ் பைகள் தண்ணீராகத் தொங்கின. சுவரில் வெப்பமானி... முப்பத்தொன்று! அத்தனை தடுப்பூசியும் பாழ்!

பக்கத்தில் தொங்கிய பதிவேட்டைப் புரட்டினாள். தினமும் காலை நாலு டிகிரி. மாலை நாலு டிகிரி. கீழே இயக்குநரின் கையெழுத்து. நாளைக்கும் எழுதியாகிவிட்டது.

"அடப்பாவி மனுஷா... நீ எழுதின பொய்யை நீயே நம்பிட்டியா?"

கடிகாரம் இரண்டரை காட்டியது. இன்டர்காமை எடுத்தாள்.

"சா... சா... சார்..." பற்களைக் கடகடவென்று அடித்துக்கொண்டாள்.

"அப்படி வா வழிக்கு!"

"கை... விறைச்சுப்போச்சு... பேனா நிக்கலை... நீங்க வந்து... பிடிச்சுக்கிட்டா..."

"சே! வரேன் இரு. அதுக்குள்ள செத்துகித்துத் தொலைச்சிடாதே. கையெழுத்து வேணும்!"

கதவு திறந்தது.

இயக்குநர் நின்றார்! வெளிநாட்டு மாநாட்டுக்கு வாங்கிய கம்பளிக் கோட்டு, மஃப்ளர், கையுறை, காதை மூடிய குல்லாய்... பனிமலை ஏறக் கிளம்பியவர் மாதிரி!

இரண்டடி உள்ளே வைத்தார். மூன்றாவது அடியில் முகம் மாறியது.

"என்ன இது... புழுங்குது?"

திரும்புவதற்குள் அவள் வெளியே இருந்தாள்.

தடார்!

மூன்று மணி. கமிட்டித் தலைவி அவளுடைய எடை நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டி முடித்தார்.

"இயக்குநர் எங்கேம்மா?"

"குளிர் அறையில மேடம். என்னைப் பூட்டி வச்ச அதே அறை. நீங்களே வந்து பாருங்க."

கதவைத் திறந்தார்கள். உள்ளே கம்பளி மூட்டையாக இயக்குநர்.

ஒரே விநாடி யோசித்தார். 'புழுங்குது' என்று சொன்னால் பதிவேடு பொய். பதிவேடு பொய் என்றால்...

குல்லாயை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு நடுங்க ஆரம்பித்தார்!

"நா... நாலு டிகிரி மேடம்... பயங்கரக் குளிர்!"

மூக்கு நுனியிலிருந்து வியர்வை சொட்டியது.

தலைவி வெப்பமானியைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். தரையில் கிடந்த அறிக்கையை எடுத்து இரண்டாகக் கிழித்தார்.

"பால் மையம் தொடரட்டும். இந்த மருந்து ஒண்ணுகூட எந்தக் குழந்தைக்கும் போகக் கூடாது. போலீஸுக்கு போன் போடுங்க." ஓடி வந்த எலக்ட்ரீஷியனிடம் திரும்பினார். "இந்த மெஷின் ஏன் ஓடலை?"

அவர் தலையைச் சொறிந்தார்.

"ஸ்டெபிலைசரைக் கழட்டியாச்சு மேடம். ஒன்பது நாளாச்சு. என் ரூம் ஏசிக்கு வேணும், எங்கிருந்தாவது பிடுங்கிட்டு வாடான்னு சார்தான்..."

மாடியில் இயக்குநர் அறையில் ஏசி பதினாறு டிகிரியில் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே யாரும் இல்லை.