பெருவிரல் கட்டு

எழுந்து உட்காரப் போன பவளத்துக்குக் கால்களைப் பிரிக்க வரவில்லை. குனிந்து பார்த்தாள். இரண்டு கால் பெருவிரல்களையும் சேர்த்து வெள்ளைத் துணிக் கிழிசலால் யாரோ கட்டியிருந்தார்கள்.

மதிய வெயில் சிமெண்டுத் தரையில் பளிச்சென்று விழுந்திருந்தது. பக்கத்தில் செல்போனில் புல்லாங்குழல் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. புருஷன் சடையப்பன் மாத்திரை வாங்க உத்திரமேரூர் போயிருந்தார். கொல்லையில் மகள் பிரபா துணி துவைக்கும் சத்தம் விட்டு விட்டுக் கேட்டது. காலம் பூராவும் நடவுச் சேற்றில் ஊறிய விரல்கள் அவளுடையவை. விரல்களை இப்படிச் சேர்த்துக் கட்டுவதைப் பிணங்களுக்குத்தான் பார்த்திருக்கிறாள்.

"பிரபா, இத நீயாடி கட்டன?"

"இன்னாம்மா சொல்ற? நா இங்க தொவச்சிக்கினு கீறேன்." பிரபா ஈரக் கையோடு வந்து பார்த்தாள். "நீயே எதுனா சுத்திக்கினு இருப்ப. பேஜார் பண்ணாதம்மா, பிரஷர் ஏறிடும்."

பிரஷர்தான் வினையே. இதயக் குழாயில் அடைப்பு. அதை எடுக்கக் காஞ்சிபுரத்து ஆஸ்பத்திரிக்கு இரண்டு தடவை போயாகிவிட்டது. இரண்டு தடவையும் பயத்தில் பிரஷர் எகிற, திருப்பி அனுப்பிவிட்டார்கள். இனியும் தள்ளிப்போட்டால் உடம்பு தாங்காது என்று டாக்டர் சடையப்பனிடம் சொன்னதை அவள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள். அந்த ஆஸ்பத்திரியில் யோகா சொல்லித்தரும் சசிரேகா மேடம்தான் இந்த வழியைக் காட்டினார். தன் குரலையும் குழலிசையையும் போனில் ஏற்றிக் கொடுத்து, மல்லாந்து படுத்து மூச்சை இழுத்து விடச் சொன்னார். சவாசனம். கால்களை நன்றாக அகட்டி வைக்க வேண்டும் என்றார். ஆம்பிளை நடமாடும் வீட்டில் ஒரு பொம்பளை காலை அகட்டிப் படுப்பதா? பவளம் சேர்த்தே வைத்துக்கொண்டாள், யாரிடமும் சொல்லவில்லை.

ஆனால் பிரஷர் இறங்கியது. அதனால் விடவும் முடியவில்லை.

மறுநாள் படுத்தாள். மூச்சை இழுங்க, விடுங்க என்ற மேடத்தின் குரலுக்கு அடியில் தரையில் பல கால்கள் இழுபடுவதும், யாரோ இருமலை அடக்குவதும், பெண்கள் மூக்கை உறிஞ்சுவதும் மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே வர, ஈரச் சாமந்தி வாசனை மூக்கில் ஏறியது. கண்ணைத் திறக்க முடியவில்லை. குளிர்ந்த விரல்கள் முகவாயைத் தூக்கின. துணி. உச்சந்தலையில் ஒரு முடிச்சு.

பிரபா உலுக்கியபோது கூடத்தில் வேறு யாருமில்லை. துணி மட்டும் தாடையை இறுக்கிக்கொண்டிருந்தது.

"நா இனிமே படுக்க மாட்டேன் மாமா. எனக்கு சாவு சடங்கு பண்றாங்கோ."

சடையப்பன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "இந்த வாட்டியும் திருப்பி அனுப்பிட்டா நா இன்னாடி பண்ணுவேன்? எனக்கோசரம் படுத்துடு பவளம்."

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஷாரோன் அவளைக் கட்டிலில் படுக்க வைத்துப் போர்த்தினாள். சசிரேகா மேடம் காதில் ஹெட்போனை மாட்டினார்.

"மேடம், இத்தினி நாளும் கால சேத்து வெச்சிக்கினுதான் படுத்தேன்."

"பரவால்லம்மா. இன்னைக்கு அகட்டி வெச்சுக்கோங்க."

வெட்கத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பவளம் அகட்டினாள். குழல் எழுந்தது. இழுத்தாள், விட்டாள். கால் சத்தமோ சாமந்தி வாசனையோ எதுவும் வரவில்லை. பொங்கி வந்த நிம்மதியில் கண்ணோரம் நனைந்தது. பிழைத்துவிடுவோம் என்று முதல்முறையாக நம்பினாள்.

போர்வைக்குள் யாரோ அவள் கணுக்கால்களைப் பிடித்தார்கள். சேர்த்தார்கள். முடிச்சு விழுந்தது.

கத்தினாள். சத்தம் வரவில்லை. விரல் அசையவில்லை. நெஞ்சு மட்டும் நிதானமாக, மேடம் சொன்னபடியே அடித்துக்கொண்டிருந்தது. அது எகிறினால் போதும், மிஷின் காட்டிக்கொடுத்துவிடும், நிறுத்திவிடுவார்கள். பயப்படு, பயப்படு என்று தன் நெஞ்சிடம் கெஞ்சினாள். அது கேட்கவில்லை.

"பிரஷர் சூப்பரா இறங்கிடுச்சு மேடம்," என்றாள் ஷாரோன். "உள்ள கூட்டிட்டுப் போயிடலாம்."

தாடையில் துணி இறுகியது. பிறகு அதைத் தளர்த்தினார்கள். எதற்கென்று அவளுக்குத் தெரியும். வாய் தானாகத் திறந்தது. ஈர அரிசி.

வாய்க்கரிசி.

ஒரு பிடி. போட்டவர் நகர்ந்தார். இன்னொரு பிடி. நாக்கு மறைந்தது. தொண்டை அடைத்தது. கட்டில் உருள ஆரம்பித்தது. இமை இடுக்கில் பார்த்தாள். தலை குனிந்தவர்களின் வரிசை வராந்தா நெடுக நின்றது. கடைசியில் சடையப்பன், ஒரு கையை மூடிக்கொண்டு, தன் முறைக்காகக் காத்திருந்தார்.