நிற்க மறுத்த சங்கிலி

தொடையில் ஒரே ஒரு வெட்டு.

ஆம்புலன்ஸ் மரக்கிடங்குக்குள் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ஈர மரத்தூளில் மல்லாந்து கிடந்தார் மரவெட்டி. பக்கத்தில் அவருடைய செயின்சா, சங்கிலி ரம்பம்... ஆள் போனது தெரியாமல் அது மட்டும் ஓடிக்கொண்டிருந்தது!

பகல் பதினொன்றரைக்கு மெக்கானிக்கின் செல்போன் அலறியது.

"ஸ்டேஷன்லேர்ந்து பேசறேன். மரம் அறுக்கற மெஷின் ரிப்பேர் பண்றது நீதானே?"

"ஆமா சார்."

"உங்க அக்கா வீட்டுக்காரர் இறந்துட்டாரு. நீ ரிப்பேர் பண்ணின மெஷின்தான் அறுத்திருக்கு. உடனே வா!"

அவன் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவர் நழுவி எங்கோ உருண்டது. தேடக்கூடத் தோன்றவில்லை.

ஸ்டேஷனின் பின்கட்டு. சிமென்ட் மேடையில் செயின்சா. அதன் பற்களில் காய்ந்த கறுப்பு. ஜலதோஷம் பிடித்த இன்ஸ்பெக்டர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடி சுற்றி வந்தார்.

"மரத்தை வெட்டி முடிச்சதும் மெஷினை ஆஃப் பண்ணாம, தொடைமேல சாய்ச்சு வெச்சுட்டுக் கதை பேசுவாராமே உங்க மாமா?"

"ஆமா சார். எத்தனையோ தடவை சொல்லிட்டேன். கேக்க மாட்டாரு."

"ஆக்ஸிலேட்டரை விட்டா சங்கிலி நின்னுடும். அந்த தைரியம். இன்னிக்கு நிக்கல! இழு அந்தக் கயித்தை."

இழுத்தான். இரண்டாவது இழுப்பில் இன்ஜின் உறுமியது. விரலை எடுத்தான்.

சங்கிலி நிற்கவில்லை... சுற்றிக்கொண்டே இருந்தது!

"நேத்து சாயங்காலம் கார்புரேட்டரை ட்யூன் பண்ணினது யாரு?"

"நான்தான் சார். ஆனா அப்போ நின்னுச்சு! மாமாவே பார்த்துட்டுத்தான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போனாரு."

"அவரைத்தான் சாட்சிக்குக் கூப்பிட முடியாதே தம்பி. கவனக்குறைவு... ரெண்டு வருஷம் உள்ள உக்காந்து யோசி."

அவன் அந்தக் கறுப்பையே பார்த்தான். நிஜமாகவே நான்தானா? ஒரு திருகாணி... அதை ஒழுங்காகத் திருகாமல் ஒரு மனிதனைக் கொன்றுவிட்டேனா?

தாழ்வார பெஞ்சில் அக்கா உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. மடியில் அவள் இடது கை. அதில் இரண்டு விரல்கள் மடங்காது. நான்கு மாதத்துக்கு முன் வேன் கதவில் நசுங்கியவை. 'தானா மாட்டிக்கிச்சு' என்றார் மாமா. அப்போது பையோடு பட்டறைக்கு வந்தவளை, 'கொஞ்சம் பொறுத்துப் போக்கா' என்று சொல்லி, தன் ஸ்கூட்டரிலேயே திருப்பிக் கொண்டுபோய் விட்டவன் இவன்.

"சார்... ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவர் குடுங்க. நான் தப்பு பண்ணலைன்னு காட்டறேன்."

கிடைத்தது. மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்தான்.

"மூணு திருகாணி சார். இது எல். மெதுவா ஓடும்போது எவ்வளவு பெட்ரோல் போகணும்னு சொல்றது. இது எச். வேகமா ஓடும்போது. மூணாவது ஐடில். கையை எடுத்தா இன்ஜின் எந்த வேகத்துல நிதானிக்கணும்னு இதுதான் முடிவு பண்ணும். அந்த வேகம் கூடினா சங்கிலி நிக்காது."

"பாடம் வேணாம். விஷயத்துக்கு வா."

ஐடிலை மெல்ல வெளியே திருப்பினான். அரைச் சுற்று... ஒன்று... ஒன்றரை...

சங்கிலி நின்றது!

"ஒன்றரைச் சுத்து சார்! அதிர்வுல தானா இவ்வளவு நகராது. அப்படியே நகர்ந்தாலும் தளரும், உள்ளே ஏறாது. நான் குடுத்ததுக்கு அப்புறம் யாரோ ஏத்தியிருக்காங்க!"

இன்ஸ்பெக்டரின் கைக்குட்டை கீழே இறங்கியது.

"அப்போ இது கொலை... யாரு?"

"கத்துக்குட்டி யாரோதான் சார். ஐடிலை மட்டும் இப்படி ஏத்தினா, ஆக்ஸிலேட்டரை அமுக்கும்போது இன்ஜின் திக்கும். மாமாவுக்குச் சந்தேகம் வந்திருக்கும். ஆனா இது..."

நிறுத்தினான்.

இது திக்கவில்லை. சற்று முன் உறுமியபோது வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் ஏறியது. எல் திருகாணியைப் பார்த்தான். அதுவும், நேற்று அவன் வைத்த இடத்திலிருந்து அரைக்கால் சுற்று கூடுதலாகத் திறந்திருந்தது, அந்தத் திக்கலை அடக்கும் அளவுக்கு. ஒரு மயிரிழை கூடவுமில்லை, குறையவுமில்லை.

கொல்லப் புறப்பட்ட நேரத்திலும், இருமுகிற இன்ஜினை வெளியே அனுப்ப மனசு வராத ஒரு கை!

நேற்றிரவு மெஷின் இருந்தது மாமா வீட்டில். அந்த வீட்டில் இரண்டே பேர். அதில் ஒருத்தி, கல்யாணத்துக்கு முன் பத்து வருஷம் இவனோடு ஒரே பட்டறையில் ஒரே கிரீஸில் கை நனைத்தவள்.

அவன் தாழ்வாரத்தின் பக்கம் திரும்பவில்லை. திரும்பப் பயமாக இருந்தது.

"ஆனா... என்ன?" இன்ஸ்பெக்டர் நெருங்கினார்.

"நான்தான் சார்."

"என்னது?"

"நான்தான் ஏத்தினேன். தெரிஞ்சேதான். காலைல அவர் டீ குடிக்கப் போனப்போ கிடங்குக்குள்ள போய் திருகினேன். எங்க அக்கா கையைப் பாருங்க சார்... எந்தத் தம்பி சும்மா இருப்பான்?"

"இத்தனை நாள் சும்மாதானேடா இருந்தே!"

குரல் வந்த பக்கம் எல்லோரும் திரும்பினார்கள். அக்கா எழுந்து வந்திருந்தாள்.

"அக்கா, நீ பேசாத! போய் உக்காரு!"

"பேசாம இருந்துதான் ரெண்டு விரல் போச்சு." இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள். "இடி விழுந்தாலும் எழாத தூக்கம் அவருக்கு; அவர் தூங்கினப்புறம் சமையல்கட்டு மேடைல வெச்சு, ஓட்டிக் கேட்டு நான்தான் திருகினேன் சார். காலைல இவன் கிடங்குப் பக்கமே வரல, பட்டறைல விசாரிச்சாத் தெரியும். பழி இவன் தலைல விழும்னு மட்டும் எனக்கு உறைக்கல. புத்தி முழுக்க அவர் தொடைமேலயே இருந்துச்சு."

"பொய் சார்! என்னைக் காப்பாத்தறதுக்காகச் சொல்றா!"

இன்ஸ்பெக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு கொலைக்கு இரண்டு கொலையாளிகள். தும்மல்கூட மறந்துவிட்டது அவருக்கு.

"யாரு சொல்றதைம்மா நான் நம்பறது?"

மெக்கானிக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அக்கா அந்தக் கண்ணாடியை வாங்கி, பச்சைக் குழந்தைக்கு மாட்டுவதுபோல் மறுபடி அவன் முகத்தில் மாட்டிவிட்டாள்.

"சார், எல் திருகாணியை அரைக்கால் சுத்து அளவா திறக்கணும்னா இன்ஜின் சத்தம் புரியற காது வேணும்... இவனுக்கு இருக்கறதெல்லாம் கண்ணாடி மாட்டற கொக்கி!"