பிணத்தின் இடது கால் சலங்கை

பிணத்துக்கு முழங்கால் வலித்தது.

வலது முழங்கால். உள்ளே யாரோ அலவாங்கு விட்டு நெம்புவது போல...

ஆனால் அசைய முடியாது. கேமரா ஓடிக்கொண்டிருந்தது!

இலங்கை மலையகத்தில், ராகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். தொழிலாளர் வரிசை வீடுகளான பழைய லயத்து வாசல். பாடையில் கிடந்தவள் ‘மின்னல் ராணி’. முப்பது வருஷமாக மேடையிலும் திரையிலும் ஆடியவள். சொந்தப் பேர் காளியாயி. இதே தோட்டத்தில் கொழுந்து எடுத்து, நிறை குறைந்த நாட்களில் ‘அரைப் பேர்’ விழுந்து, அரை நாள் சம்பளத்தோடு வீடு திரும்பியவள்.

படத்தில் அவள் செத்துப்போன கூத்தாடி. காலில் சலங்கையோடு பாடையில் கிடக்க வேண்டும். அடுத்த சீனில் பிணம் எழுந்து ஆடும். கனவு சீன்! அவளுக்குக் கடைசியாக ஆட்டம் கிடைத்து ஏழு வருஷமாகிறது. அந்த ஒன்றுக்காகத்தான் இந்தக் குளிரில் காலையிலிருந்து செத்துக்கொண்டிருந்தாள்.

பாடைக்கு முன்னால் நின்ற வீரய்யாவின் தப்புப் பறை, சாவு அடியில் அதிர்ந்தது. கேமரா முகத்தருகே வந்தது.

அப்போதுதான்...

இடது கணுக்காலில் ஒரு கை!

சொரசொரவென்ற கை. சலங்கைக் கயிற்றைத் தடவியது. ஒரே இழுப்பு. முடிச்சு அவிழ்ந்தது! மணிச் சத்தத்தைத் தப்புச் சத்தம் விழுங்கியது.

கத்தினால் ஷாட் போச்சு. பல்லைக் கடித்தால் கன்னம் ஆடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு நன்றாகவே செத்தாள்.

“கட்!”

“திருடன்...! புடிங்க...!”

பிணம் எழுந்து உட்கார்ந்து அலறியதில், வேடிக்கை பார்த்த லயத்துக்காரி லெட்சுமி தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே போட்டாள்.

டைரக்டர் துஷாந்த் ஓடி வந்தான். கொழும்புக்காரன். அவசரக்காரன்.

“என்ன மேடம்?”

“எடது கால் சலங்கய காணோம்யா!”

“ஐயோ... ஒத்தச் சலங்கையோட எப்படி ஆடுவீங்க?” பள்ளத்தைப் பார்த்தான். பனிமூட்டம் ஏறிக்கொண்டிருந்தது. “பத்து நிமிஷம் தாறேன். கிடைக்காட்டி சர்மிளா ஆடட்டும். அவகிட்ட சொந்தமா ஒரு சோடி இருக்கு. கனவுதானே... பிணம் குமரியா எழும்பட்டும்!”

அதே படத்தில் நடிக்கும் இருபது வயது சர்மிளா, கண்ணாடியிலிருந்து முகத்தை எடுக்காமலே சொன்னாள்.

“உங்க முட்டிக்கும் ரெஸ்ட் ஆன்டி!”

“நா செத்து எந்திரிச்சவடி. ஒன்னய பொதைச்சிட்டுதான் படுப்பேன்!”

காளியாயி யோசித்தாள்.

சர்மிளாவா? இல்லை. அவள் கை வெண்ணெய். வந்தது மண்வெட்டி பிடித்த கை.

அப்புறம் அந்த முடிச்சு... தெரியாதவன் இழுத்தால் இன்னும் இறுகும். ஒரே இழுப்பில் அவிழ்க்கத் தெரிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர். ஒருத்தி இவள்.

இன்னொருத்தன்...?

பாடை தூக்க வந்த நான்கு பேரைப் பார்த்தாள். நான்கு பேரும் அட்டைக்குப் பயந்து ரப்பர் பூட்ஸ். குளிருக்குப் பயந்து மூக்கு வரை மப்ளர்.

“வீரய்யாண்ணே! சாவடிய வுடுங்க. சோடி ஆட்டத்துக்கு அடிங்க!”

“பாடைக்கு முன்னாலயா தங்கச்சி?”

“பொணமே கேக்குதுல்ல... அடிங்கண்ணே!”

தப்பு துள்ளியது!

மூன்று பேர் மரமாக நின்றார்கள்.

நான்காவது ஆளின் பூட்ஸுக்குள்ளிருந்து...

ஜல்!

அவன் தொடையை இறுக்கிப் பிடித்தான். கால் கேட்கவில்லை.

ஜல்... ஜல்... ஜல்!

காளியாயி பாய்ந்து மப்ளரை உருவினாள்.

சோலைமலை! ஒரு காலத்தில் அவளோடு சோடி ஆடியவன்!

“பொலிசுக்கு கோல் எடுங்க!” என்றான் துஷாந்த்.

“எடுங்க சார். எனக்கும் ஒரு புகார் இருக்கு. களவாணி நா இல்ல... இவ!”

கூட்டம் வாயைப் பிளந்தது.

“முப்பது வருசத்துக்கு முன்ன, இந்தத் தோட்டத்துத் திருவிழா. சோடி ஆட்டம். பாதியில கொழும்பு சினிமாக்காரன் வேன் வந்துச்சு. தண்ணி குடிச்சிட்டு வாறேன்னு மேடைய வுட்டு எறங்குனவ சார் இவ, திரும்பவே இல்ல! மிச்சத்த நா ஒத்தையில ஆடுனேன். பொம்பளப் பாட்டுக்கும் நானே இடுப்ப ஆட்டுனேன். இன்னிக்கும் தோட்டத்துல என் பேரு ‘ரெட்டை இடுப்பு’!”

வெடித்துச் சிரித்தார்கள். காளியாயிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

“அதுக்காவ சலங்கய களவாண்டியா?”

“நீ வுட்டுட்டுப் போன பாதி ஆட்டத்துக்கு ஒத்தச் சலங்கதானே எடுத்தேன்? இன்னொரு காலு சலங்க ஒன்னோடதுதான்.”

“மேடம், பனி வந்துட்டு! ஆடுறீங்களா... சர்மிளாவக் கூப்பிடவா?”

“ஆடுறேன்.” காளியாயி இடது காலை நீட்டினாள். “கட்டுய்யா, ரெட்டை இடுப்பு! நீயும் வா.”

கேமரா ஓடியது. பிணமும் திருடனும் ஆடினார்கள். சர்மிளாவே விசிலடித்தாள்!

திடீரென்று...

மடக்!

முழங்கால் கைவிட்டது. காளியாயி பாடையிலேயே பொத்தென்று உட்கார்ந்தாள். பனி எல்லாரையும் மூடியது.

“கட்! ஓகே! இவ்வளவு போதும்!” துஷாந்த் துள்ளினான்.

“அவருக்குப் போதும்,” என்றான் சோலைமலை.

“ஒனக்கு இன்னும் என்னாய்யா வேணும்? காலு போச்சு!”

சோலைமலை, கொழுந்து நிறுக்கும் கணக்கப்பிள்ளையைப் போலத் தொண்டையைச் செருமினான்.

“நிறை பத்தல, காளியாயி. இன்னிக்கு ஒனக்கு அரைப் பேருதான்... எனக்கு இன்னும் அரை ஆட்டம் பாக்கி!”